விசைப்படகா, ஆழ்கடலா, வள்ளமா, பாசியா: கோட்டைப்பட்டினத்து மாப்ளைக்கு காரைக்குடியில போட்ட கணக்கு

மே மாசம் நடுவுல, மீன்பிடித் தடைக்காலம், மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் வடிஞ்ச நேரம். கோட்டைப்பட்டினத்துலேர்ந்து நம்மாளு காரைக்குடி வந்து என் மெஸ்ஸுல உக்காந்தான். காலேஜ்ல ஒண்ணாப் படிச்சவன், சொந்தமா ஒரு போட்டு, அதாவது விசைப்படகு, வச்சிருக்கான், இருபது வருசமா எனக்கு மீன் வர்றதே அவன் மூலமாத்தான். கையில ஒரு நோட்டு. சாப்பாடு வேணாம் மோர் மட்டும் குடுன்னான், அப்பவே விசயம் பெருசுன்னு தெரிஞ்சுபோச்சு. "மாப்ள, போட்ட என்ன பண்றதுன்னு நீ சொல்லு, ஊருல நாலு பேரு நாலு சொல்றான், ஆழ்கடல் போட்டுக்கு எழுதிப்போட்டா கையிலேர்ந்து 8 லட்சம் கட்டணுமாம், பாதி நீ போடுறியா"ன்னு ஒரே மூச்சுல கேட்டுட்டான்.

சரின்னும் சொல்லல இல்லைன்னும் சொல்லல. எங்க ஐயா ஒரு செட்டியார் வீட்டுல கணக்குப்பிள்ளையா இருந்தவரு, எங்க வீட்டுல ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, எடுக்காம யாரும் பணத்துல கை வைக்க மாட்டாங்க, அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அவன் நோட்டையே வாங்கி ஒரு பக்கத்துல நாலு கட்டம் போட்டேன். இருக்குற இழுவைப் படகையே ஓட்டுறது, ஆழ்கடல் போட்டுக்கு மாறுறது, போட்ட வித்துட்டு வள்ளத்துக்கு, அதான் சின்ன நாட்டுப்படகுக்கு, எறங்குறது, இல்ல கடல்ல பாசியோ மீனோ வளக்குறதுன்னு போறது. அன்னைக்கு ஆரம்பிச்ச கணக்கு ரெண்டு மாசம் ஓடுச்சு. இந்த மாதிரி யோசனையில இருக்குற வேற யாருக்காவது ஆகும்னுதான் எழுதுறேன்.

செட்டிநாட்டுல கடலே இல்லையே உனக்கு ஏன்டா இதுன்னு கேப்பீங்க. தேவகோட்டை திருவாடானை வழியா போனா தொண்டி, அறந்தாங்கி வழியா போனா கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி, எல்லாமே ரெண்டு மணி நேரத்துக்குள்ள. இங்க நண்டு ரசம் சுறாப்புட்டுன்னு போர்டு போட்டு விக்கிற எல்லாருக்கும் சரக்கு அந்தக் கரையிலேர்ந்துதான் வருது. அங்க கடல் காஞ்சா இங்க அடுப்பு காயும்.

மொதல் கட்டம், இருக்குறபடியே ஓட்டுறது. போட்டு அவங்க அத்தா காலத்துல வாங்குனது, இழுவை மடி, அதாவது பை மாதிரி வலையைக் கடல் தரையோட இழுத்துக்கிட்டுப் போறது. பாக் ஜலசந்தியில விசைப்படகுக்கு வாரத்துல மூணு நாளுதான், திங்கள் புதன் சனி, மத்த நாலு நாளு நாட்டுப்படகுக்கு, இது ரெண்டு தரப்பும் அடிச்சுக்கிட்டு அப்புறம் பேசி வந்த ஏற்பாடு. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை, அது 2017க்கு முன்னாடி 45 நாளா இருந்துச்சு. 365ல 61 போனா 304, அதுல வாரத்துக்கு மூணுன்னா 130 நாள் வரணும், அதுலயும் புயல் எச்சரிக்கை, யாரையாவது இலங்கை நேவி புடிச்சுட்டா அதுக்கு ஸ்டிரைக், எஞ்சின் வேலைன்னு எல்லாம் போக அவன் நோட்டுல இருந்தது 94 நாள். வருசத்துல முக்கால்வாசி நாள் கரையில கட்டிக் கிடக்குற ஒரு சொத்துக்கு அவன் வருசம் பூரா வட்டி கட்டுறான்! வரியில்லா டீசல் விசைப்படகுக்கு வருசத்துக்கு 19,000 லிட்டர்னு ஆக்கியிருக்காங்க, 94 நாளுக்கு வகுத்தா நாளுக்கு 200 லிட்டர் சொச்சம், ஒரு பாட்டுக்கு, அதாவது ஒருவாட்டி கடலுக்குப் போய் வர்றதுக்கு, அது பத்தாதுங்குறான், மிச்சத்தை பெட்ரோல் பங்குல எல்லாரும் போடுற வெலைக்கு போட்டுக்கணும்.

நோட்டுல ஒரு நாள் பாட்டைப் பாத்தேன். டீசல், ஐஸு, அரிசி மளிகை, ஆள் கூலின்னு இடது பக்கம் நீளமா ஓடுது. வலது பக்கம் இறால் 14 கிலோ, கணவாய் கொஞ்சம், நண்டு கொஞ்சம், காரல், அப்புறம் கடைசி வரியில சங்காயம். எடையில அந்தக் கடைசி வரிதான் மேல இருக்குற எல்லாத்தையும் விட ஜாஸ்தி, காசுல அதுதான் ஆகக் கம்மி. சங்காயம்னா மடியில வர்ற கழிசல், கோழித்தீவனத்துக்குப் போறது. ஒருவாட்டி நான் கோட்டைப்பட்டினம் போனப்ப அந்தக் கூடையை கீழ கொட்டி கையால கிளறிப் பாத்தேன், விரல் நீளத்துல விளமீன், அதைவிடச் சின்னதா சீலாக் குஞ்சு, பொத்தான் சைஸுக்கு நண்டு. வளந்து வந்தா என் மெஸ்ஸுல ஒரு துண்டு எவ்வளவுக்கு வைப்பேன்னு எனக்குத் தெரியும், அதைக் கோழிக்கு அனுப்புறோம். மடியோட கடைசிப் பையில கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் கொறையக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, கரையிலேர்ந்து 5 கடல் மைலுக்குள்ள விசைப்படகு இழுக்கக் கூடாதுன்னும் இருக்கு. அவன் அதப்பத்தி பேசும்போது மேல ஃபேனைப் பாத்தான், நானும் மேல கேக்கல.

இன்னொண்ணு எல்லை. பாக் ஜலசந்தி ஆழமில்லாத கடல், பெரும்பாலும் பத்துப் பன்னெண்டு மீட்டருக்குள்ளதான், தரையத் தடவி மடி இழுத்து இழுத்து நம்ம பக்கம் வழிச்சாச்சு, அதனால இறாலைத் தேடி அந்தப் பக்கம் போறாங்க, போகலன்னு யாரும் சத்தியம் பண்ண மாட்டாங்க. இலங்கையில 2017 ஜூலையில இழுவை மடியவே சட்டம் போட்டு தடை பண்ணிட்டாங்க, 2018ல வெளிநாட்டுப் படகுக்கு அபராதத்தைத் தாறுமாறா ஏத்துனாங்க, இப்ப புடிச்சா போட்டு திரும்பாதுன்னு வச்சுக்கலாம். 2021 ஜனவரியில கோட்டைப்பட்டினத்துலேர்ந்து போன ஒரு போட்டு இலங்கை நேவி கப்பலோட மோதி மூழ்குனதுல நாலு பேரு செத்துப்போனாங்க. அந்த வாரம் நம்மாளு போன எடுக்கவே இல்ல. இதைச் சொல்லும்போதே இன்னொண்ணையும் சொல்லணும், அந்தப் பக்கம் யாழ்ப்பாணம் மன்னார்ல போர் முடிஞ்சு 2009க்கு அப்புறம்தான் வலைய எடுத்து நிமுந்தவங்க அவங்க, அவங்களும் தமிழ் பேசுற மீனவங்கதான், ராத்திரி நம்ம மடி இழுத்துட்டுப் போனா காலையில அவங்க வலை கிழிஞ்சு கிடக்கும். நேவி பண்றது அநியாயம்னு சொல்ற வாயாலதான் இதையும் சொல்லணும். நம்ம பக்கம் மேடையில இதை யாரும் பேசுறதில்ல.

அதனால மொதல் கட்டத்துல வரவு பக்கம் எழுத பெருசா ஒண்ணுமில்ல, பழக்கம்ங்குற ஒரு வார்த்தையத் தவிர.

ரெண்டாவது ஆழ்கடல், அவன் கேட்டு வந்தது. இது 2017ல ஆரம்பிச்ச திட்டம், அந்த வருசம் ஜூலை 27ல பிரதமர் ராமேஸ்வரம் பக்கம் கலாம் மணிமண்டபம் திறக்க வந்தப்ப மொத ஆளுங்களுக்கு ஆணை குடுத்தாங்க. ஐடியா நல்ல ஐடியாதான், பாக் ஜலசந்தியிலேர்ந்து 2000 இழுவைப் படகை எடுத்துட்டு, அதுக்குப் பதிலா சூரை மீன் (டூனா) புடிக்கிற தூண்டில் படகு கட்டிக் குடுக்குறது. ஒரு போட்டு 80 லட்சம், மத்திய அரசு பாதி 40, மாநிலம் 16, பேங்க் கடன் 16, நம்ம கை 8. கேக்க இனிக்குதுல்ல? 56 லட்சம் மானியம், எங்க ஐயா இருந்திருந்தா கண்ணாடியக் கழட்டித் துடைச்சுட்டு இன்னொருவாட்டி பாத்திருப்பாரு. ஆனா 2000ங்குற இலக்குக்கு கட்டி இறக்குனது ரொம்பச் சின்னப் பங்குதான். ஏன்னு கேட்டா ஒண்ணு, 80 லட்சத்துக்கு எஞ்சின் வின்ச்சு குளிர் பெட்டி எல்லாம் வச்சு முடியல, மேல போனது உரிமையாளர் தலையில. அரசே பின்னாடி வந்த மத்ஸ்ய சம்பதாங்குற மீன்வளத் திட்டத்துல ஒரு ஆழ்கடல் படகுக்கு ஆகுற செலவு 1 கோடியே 20 லட்சம்னு வச்சுது, அங்க மானியம் பொதுப் பிரிவுக்கு 40 சதம், பெண்களுக்கும் எஸ்சி எஸ்டிக்கும் 60 சதம், அதாவது பொதுப் பிரிவுக்காரனுக்கு மானியம் 48 போக 72 லட்சம் நம்ம பொறுப்பு. 80ன்னு சொன்ன அதே வகை போட்டுக்கு.

ரெண்டாவது காரணம் காசுல எழுத முடியாதது. கோட்டைப்பட்டினத்து ஆளுங்க இன்னைக்குப் போய் நாளைக்குக் காலையில கரை சேந்துருவாங்க, வீட்டுல சாப்பிட்டு தூங்குற தொழில். சூரை தேடிப் போனா ரெண்டு மூணு வாரம் கடல்லயே. இதுல கெட்டிக்காரங்க கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்து ஆளுங்க, தலைமுறையா சுறாவுக்கும் சூரைக்கும் அரபிக்கடல் பூரா சுத்துனவங்க, அது ஒரு ட்ரெய்னிங் சர்ட்டிபிகேட்ல வர்றது இல்ல. அவங்களையே 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் என்ன பண்ணுச்சுன்னு பாத்தோம், எச்சரிக்கை போய்ச் சேராத தூரத்துல இருந்தாங்க. நம்மாளுகிட்ட, நீ போவியாடான்னு கேட்டேன். "நான் போவேன் மாப்ள, என் ட்ரைவரு வரமாட்டான், அவன் பொண்டாட்டி விடாது"ன்னான். அப்ப யாரு ஓட்டுவாங்க? வெளியூர் ஆளு. அதாவது போட்டு இவன் பேர்ல, கடன் இவன் பேர்ல, வேலை வேற ஊருக்கு, மீன் எறங்குறதும் பெரும்பாலும் வேற துறைமுகத்துல. ஆழ்கடல் போட்டு நிறுத்துறதுக்குன்னு மூக்கையூர்ல துறைமுகம் கட்டுனாங்க, அது பாம்பனைத் தாண்டி மன்னார் வளைகுடா பக்கம். கோட்டைப்பட்டினத்து ஐஸு பேக்டரி, வலை தைக்கிறவங்க, கூடை தூக்குறவங்க யாருக்கும் இதுல ஒரு ரூவா கிடையாது.

மூணாவது காரணம் மீனு. சூரைக்கு ஜப்பான்காரன் குடுக்குற வெலைய யூட்யூப்ல பாத்துட்டு பேசுறாங்க, அந்த வெலை புடிச்ச நிமிசத்துல ரத்தம் வடிச்சு குளிர்ல வச்சு சீக்கிரம் கரை சேத்தாத்தான். பதினஞ்சு நாள் ஐஸுல கிடந்த சூரை டப்பா கம்பெனிக்குத்தான். நம்ம பக்கம் விக்கலாமான்னா, எங்க அப்பத்தா சூரை மீன வாசப்படி தாண்ட விடாது, இன்னைக்கும் செட்டிநாட்டு மெஸ்ஸுல சூரைக் குழம்புன்னு போர்டு வச்சா ஈதான் மொய்க்கும்.

நான் இந்தத் திட்டத்தைக் குப்பைங்கல. பாக் ஜலசந்தியிலேர்ந்து இழுவை மடி போகணும்னு நெனச்சா யாராவது அதுக்கு காசு போடத்தான் வேணும், வெறும் சட்டத்தால நடக்காது. 2016 நவம்பர்ல ரெண்டு நாடும் உக்காந்து பேசுனப்பவும் இழுவை மடிய சீக்கிரம் முடிச்சுக்கணும்னுதான் பேசுனாங்க. நாலஞ்சு போட்டு வச்சிருக்குற பெரிய சம்மாட்டி, கூலிக்கு தூத்தூர் ஆளை வைக்க வழி இருக்குறவரு, அவருக்கு இது சரியா வரலாம். ஒத்தப் போட்டுக்காரனுக்கு 16 லட்சம் பேங்க் கடனும் பழக்கமில்லாத கடலும் ஒண்ணா வேணாம்னு எழுதி வச்சேன். அவனுக்கு முகம் சுருங்கிப்போச்சு.

மூணாவதுக்கு, வள்ளத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்துச்சு. அன்னைக்கு ராத்திரி அவன் ஊருக்குப் போய்ச் சேந்ததும் தங்கச்சி, அதான் அவன் வீட்டம்மா, போன் பண்ணுச்சு. "அண்ணே, நாலு கட்டம் போட்டீங்களாமே, அதுல கரையில ஒக்காந்து சங்காயம் பிரிக்கிறமே நாங்க பத்துப் பேரு, நாங்க எந்தக் கட்டத்துல இருக்கோம்?" எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நோட்டை எடுத்து திரும்பப் பாத்தா, போட்டு இருக்கு, எஞ்சின் இருக்கு, ஐஸு கூட இருக்கு, போட்டுல போற அஞ்சு பேரு "ஆள் கூலி"ன்னு ஒரு வரியில இருக்காங்க, பொம்பளைங்க எங்கயுமே இல்ல. ஆழ்கடல் திட்டமும் அப்படித்தான், 80 லட்சத்துக்கு எத்தனை பங்கா பிரிச்சாலும் எல்லாமே போட்டுக்காரனுக்கு. கூலி ஆளுக்கு தடைக்காலத்துல குடும்பத்துக்கு 8,000 ரூவா, அதுவும் 2023ல மண்டபம் மாநாட்டுல அறிவிச்சு 5,000லேர்ந்து ஏத்துனது, 61 நாளுக்கு வகுத்தா நாளுக்கு 131 ரூவா. எங்க மெஸ்ஸுல ஒரு மீன் சாப்பாடு வாங்க முடியாது.

அதுக்கப்புறம் ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழயும் இன்னும் ரெண்டு வரி சேத்தேன், போட்டுல போறவங்களுக்கு என்ன, கரையில இருக்குற பொம்பளைங்களுக்கு என்ன. கணக்கு அங்கதான் திரும்புச்சு.

வள்ளம். அவன் கணக்குப்படி ரெண்டு பைபர் போட்டு, வெளி எஞ்சினோட, நண்டு வலை, கூட பருவத்துக்கு ஏத்த மாதிரி வேற வலைன்னு வாங்கலாம். வெளியில பாத்தா இது எறக்கம், போட்டு வச்சிருந்தவன் வள்ளத்துக்கு வந்துட்டான்னு ஊரு பேசும், அவனுக்கு அதுதான் உறுத்துது, வாய் விட்டுச் சொல்லல. ஆனா கணக்கைப் பாருங்க. 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான், வள்ளம் போகலாம். அந்த ரெண்டு மாசம்தான் காரைக்குடி சந்தையில மீன் வெலை ஏறிக் கிடக்குது, மே மாசத்துல கல்யாணம் காதுகுத்துன்னு வேற வருது, நான் ஒரு கிலோ விளமீனுக்கு கெஞ்சிக்கிட்டு நிக்கிற நேரம். மத்த மாசத்துல விசைப்படகுக்கு மூணு நாளுன்னா நாட்டுப்படகுக்கு நாலு. டீசலு கொஞ்சம். சங்காயம் அனேகமா இல்ல, ஏன்னா வலை கண்ணியில மாட்டுறதுதான் வருது, தரையை வழிக்கிறதில்ல. ஆளு ஒரு வள்ளத்துக்கு மூணு பேரு, ரெண்டுக்கு ஆறு, அவன் போட்டுல இருந்த அஞ்சு பேருக்கும் வேலை போகாது, அதோட ஒருத்தர் கூட.

பாக் ஜலசந்திக்கு நீலக்கால் நண்டு ஒரு வரம். வலையக் கடல் தரையில சுவரு மாதிரி விட்டுட்டு வந்து மறுநாள் எடுக்கணும், எடுத்துக் கரைக்கு வந்தப்புறம்தான் வேலையே, சிக்குன நண்டை ஒவ்வொண்ணா கால் ஒடியாம கழட்டணும். தங்கச்சி அதைச் செய்யறதைப் பாத்திருக்கேன், கட்டைவிரலால ஓட்டுப் பின்பக்கம் அழுத்திப் புடிச்சுக்கிட்டு, மத்த கையால நூலை முள்ளுலேர்ந்து ஒதுக்கி ஒதுக்கி, ஒரு நண்டுக்கு பத்து செகண்டு, நான் ட்ரை பண்ணி விரல்ல வாங்குனதுதான் மிச்சம், அது சிரிச்சுக்கிட்டே "அண்ணே நீங்க ரசம் வைங்க"ன்னுச்சு. இந்த வேலை பொம்பளைங்க கையில இருக்குற வேலை. சதை பிரிச்சு அமெரிக்காவுக்கு டப்பாவுல போற நண்டும் இதே நண்டுதான்.

இதுல ஓட்டை இல்லாம இல்ல. விசைப்படகு மடி வந்து இழுத்துட்டுப் போனா ஒரு ராத்திரியில வலை பூரா போயிரும், இத்தனை வருசம் நம்மாளு போட்டு யாரோட வலையெல்லாம் இழுத்துச்சோ அந்தப் பக்கத்துக்கு இப்ப இவன் போறான், அதை அவனே சொல்லி சிரிச்சுக்கிட்டான். நண்டும் கொறைஞ்சுக்கிட்டு வருதுன்னு பெரியவங்க சொல்றாங்க, சினை நண்டும் குட்டி நண்டும் வாங்க ஆளு இருக்குற வரைக்கும் புடிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க. நான் ஒண்ணு சொல்லிட்டேன், சினை நண்டு வந்தா எனக்கு அனுப்பாத, உயிரோட இருந்தா கடல்ல விட்டுரு, அதுக்கு காசு கேட்டாக்கூட தர்றேன்னு. செட்டிநாட்டுல சினை நண்டுக்குன்னே வர்ற கஸ்டமர் இருக்காரு, கோச்சுக்கிட்டாரு, போகட்டும்.

அப்புறம் ஆவுளியா, அதான் கடல்பசு. 2022 செப்டம்பர்ல தஞ்சாவூர் புதுக்கோட்டை கரையில 448 சதுர கிலோமீட்டரை கடல்பசு காப்பகம்னு அறிவிச்சாங்க, அதிராம்பட்டினத்துலேர்ந்து அம்மாபட்டினம் வரைக்கும். நாட்டிலயே மொத கடல்பசு காப்பகம். நம்ம வள்ளத்துக்கும் தடை போட்ருவாங்களோன்னு கரையில ஒரு பயம் இருக்கு. எனக்கு இது வேற மாதிரி தெரியுது. ஆவுளியா திங்கிற கடற்புல்லுலதான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிஞ்சு வளருது, அந்தப் புல்லை வேரோட புடுங்குறது இழுவை மடி. புல்லு இருந்தா வள்ளத்துக்கு லாபம், அந்த ஏரியாவுல மடியை மட்டும் நெசமாவே நிறுத்துனா வள்ளத்துக்காரனுக்கு இதைவிட நல்ல பாலிசி வேற இல்ல. நிறுத்துவாங்களாங்குறதுதான் பேச்சு.

பணத்துல பெரிய ஓட்டை எங்கன்னா தரகர்கிட்ட. போட்டுக்கு எஞ்சின் மாத்த, மகளுக்கு பீஸு கட்டன்னு நம்மாளு ரெண்டு தரகர்கிட்ட அட்வான்ஸ் வாங்கியிருக்கான், வட்டி கிடையாது, ஆனா மீனு அவங்ககிட்டதான் போடணும், ஏலத்துல கமிஷன் போகும், வெலையும் அவங்க வாய் வெலைதான். வட்டியில்லாக் கடன்னு பேரு! எங்க ஊருல வட்டிக்கு விட்டே பர்மா வரைக்கும் போனவங்க இருக்காங்க, அவங்ககூட இப்படி நைசா வாங்கியிருக்க மாட்டாங்க. நோட்டுல ஒரு மாசத்துக்கு அந்த கமிஷனையும் வெலை வித்தியாசத்தையும் கூட்டிப் பாத்தேன், நான் ஆழ்கடல் போட்டுக்கு போடணும்னு அவன் கேட்ட 4 லட்சத்துல பாதி அந்த அட்வான்ஸை அடைக்கவே போதும், அடைச்சா அடுத்த மாசமே வித்தியாசம் தெரியும். மிச்சத்துல ஒரு நல்ல ஐஸ் பெட்டி ரெண்டு, காலை வண்டியில அறந்தாங்கி வழியா ஏத்தி விட்டா பத்து மணிக்கு என் அடுப்படியில இருக்கும். நான் மட்டும் இல்ல, இங்க அஞ்சாறு மெஸ்ஸுக்காரங்க சேந்தா ரெண்டு வள்ளத்து நண்டும் மீனும் ஏலத்துக்கே போக வேண்டியதில்ல. ஆனா நாங்களும் ஒரு வேலை பண்ணணும், வஞ்சரம் வஞ்சரம்னு அலையாம அன்னைக்கு கடல் குடுத்ததை மெனுவுல போடணும். காரல்ல வைக்கிற குழம்பு ருசி எந்த மீனுக்கு வரும், புள்ள பெத்தவளுக்கு அதைத்தானே வச்சுக் குடுத்தோம்!

நாலாவது கட்டத்தைச் சுருக்கமா முடிச்சுர்றேன். பாசி வளக்குறதுக்கு இப்ப அரசு ரொம்ப ஆர்வமா இருக்கு, தொண்டி பக்கம் வளமாவூர்ல 127 கோடி சொச்சத்துல பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பர்ல அடிக்கல் போட்டாங்க. கரையில பெப்சி பாசின்னுதான் பேரு, அந்த கம்பெனி மூலமா வந்ததால. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 60 கிலோ விதைப்பாசி கட்டுனா 45 நாள்ல நாலு மடங்கு வரும், காஞ்சா பத்துல ஒரு பங்கு. கடலுக்குள்ள தூரம் போக வேண்டாம், பொம்பளைங்க பேர்லயே நடக்கும், தங்கச்சிக்கு இதுல ஆசை இருக்கு, கூட்டுறவா பத்து பேரு சேந்து பண்ணலாம்னு சொல்லுச்சு. தண்ணி சூடு ஏறுனா பாசி மொத்தமா அழுகிரும், ஒரே கம்பெனி வாங்குனா வெலை அவன் சொல்றதுதான், வெளிநாட்டுப் பாசிங்குறதால பாம்பன் பக்கம் இருக்குற குருசடைத் தீவுல பவளப்பாறை மேல படந்து கெடுத்த கதையும் இருக்கு. 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப ஜெட்டியில கட்டியிருந்த போட்டே ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடந்துச்சு, மூங்கில் மிதவை எந்த மூலைக்கு? கை செலவுக்கு நல்லது, குடும்பத்தையே இது மேல ஏத்தி வைக்கக் கூடாது.

கூண்டுல கடல்விரால் வளக்குறதும் இதே கட்டம்தான், மண்டபத்துல மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 2010லயே குஞ்சு பொரிக்க வச்சுட்டாங்க, ஏழெட்டு மாசத்துல ரெண்டரை மூணு கிலோ வரும். ஆனா அதுக்குத் தீனி என்னன்னா சின்ன மீனு. ஒரு கிலோ வளர பல கிலோ போடணும். அதாவது சங்காயம் திரும்ப வேணும், அதுக்கு இழுவை மடி திரும்ப வேணும். இந்தக் கட்டத்துல நான் சிரிச்சதைப் பாத்து நம்மாளுக்குக் கோவம்.

ஆக நான் சொன்னது இதுதான், எழுதியும் குடுத்தேன். ஆழ்கடலுக்கு என் 4 லட்சம் வராது. வள்ளத்துக்கு வரும், மொதல்ல தரகர் அட்வான்ஸ், அப்புறம் ஐஸ் பெட்டி, வலைக்கு அவன் பாத்துக்கணும். ஒரு வள்ளம் தங்கச்சி பேர்ல இருக்கணும், மானியத்துக்காக மட்டும் இல்ல, நோட்டுல பேரு ஏறணும்னுதான். ஆறு பேருக்கும் கூலி கிடையாது, பங்கு. பாசி மிதவை பொம்பளைங்க குழுவுக்கு, சின்னதா, பத்துக்கு மேல வேணாம். அவன் ரெண்டு நாள் யோசிச்சுட்டு சரின்னான், ட்ரைவருகிட்ட கேட்டானாம், "ராத்திரி வீட்டுக்கு வர்ற வேலைன்னா நான் வர்றேன்"னு சொல்லிட்டாராம்.

ஒரு வள்ளம் வந்துருச்சு, ஜூலையிலேர்ந்து ஐஸ் பெட்டியும் வருது, வாரத்துல மூணு நாளு, சில வாரம் நாலு. மொத வாரத்துல ஐஸு பத்தாம நண்டு கெட்டுப்போய் நாங்க ரெண்டு பேரும் போன்ல கத்திக்கிட்டது தனிக் கதை.

சிக்கல் இப்ப போட்டுதான். வாங்க ஆளு வந்துட்டாங்க, ரெண்டு பேரு. ஒருத்தர் இன்னும் தெக்கால ஒரு துறைமுகத்துக்காரரு, நல்ல வெலை, ரெண்டாவது வள்ளத்துக்கும் வலைக்கும் சேத்தே ஆகும், ஆனா அவரு வாங்கி இதே கடல்ல இதே மடியைத்தான் இழுக்கப் போறாரு, இவன் விட்ட அஞ்சு பேரு எடத்துல வேற அஞ்சு பேரு ஏறுவாங்க, எல்லை தாண்டிப் போய் மாட்டுனா அவங்க மாட்டுவாங்க. நம்மாளு வலையையே ஒரு நாள் அது இழுத்துட்டுப் போகலாம். இன்னொருத்தர் இரும்புக்கும் மரத்துக்கும் போட்ட உடைக்கிற ஆளு, மொதல் ஆளு சொன்னதுல மூணுல ஒரு பங்குதான் தர்றாரு. ஆழ்கடல் திட்டத்துல போயிருந்தா பழைய போட்ட பாக் ஜலசந்தியை விட்டு எடுக்கணும்னு கண்டிசன் இருக்கு, அதுக்குத்தான் அந்த மானியம். வள்ளத்துக்கு எறங்குறவன் தானா உடைச்சா அந்த நட்டத்தை ஈடுகட்ட எனக்குத் தெரிஞ்சு ஒரு ரூவா திட்டம் இல்ல. பாக் ஜலசந்தியில மடி கொறையணும்னு நெசமா நெனைக்கிறவங்க மொதல்ல காசு வைக்க வேண்டிய எடம் இதுதான்னு நான் நெனைக்கிறேன், 80 லட்சத்துல புதுப் போட்டு கட்டுறதுக்கு முன்னாடி.

நேத்து ராத்திரியும் போன் பண்ணான். "உடைக்கிறவன் நாளன்னைக்கு வர்றேங்குறான் மாப்ள, வரச் சொல்லவா வேணாமா?" ரெண்டு வெலைக்கும் உள்ள வித்தியாசத்தை நோட்டுல எழுதி வட்டம் போட்டு வச்சிருக்கேன். அதுல பாதியை நான் போட முடியுமான்னு பாத்துக்கிட்டு இருக்கேன், இன்னும் அவன்கிட்ட சொல்லல.